கூலிக்கு வரைந்த பையன்

கண்ணா,

நேற்று நீ போனில் கேட்டது சின்ன விஷயம்தான். "அம்மா, அப்பாவோட டிராயிங்ஸ் எல்லாம் எங்க இருக்கு? எங்க வெச்சார்னு அவருக்கே ஞாபகம் இல்லையாம். வண்டிய ரெடி பண்ணி ரிசப்ஷனுக்கு அதுலயே வந்து இறங்கலாம்னு பாக்கறேன்." பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. துடைக்க ஆரம்பித்தேன். அடுப்பு பளபளவென்று ஆன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தேன். 'அப்பாவோட டிராயிங்ஸ்' என்று எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்! இன்னும் இரண்டு வாரத்தில் உனக்குக் கல்யாணம். கல்யாண வீட்டில் எழுத வேண்டிய கடிதமா இது என்று காலையிலிருந்து யோசித்தேன். இப்போது எழுதாவிட்டால் இனி எழுதவே மாட்டேன் என்று தோன்றியதால் உட்கார்ந்துவிட்டேன். பொறுமையாகப் படி.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்தபோது உனக்கு எட்டு வயது. மதுராந்தகத்தில் ஒரு ரைஸ் மில்லின் பின்கட்டில், உமி மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. மில்லுக்கு இயந்திரம் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினீயர் ஒருவர் அறுபதுகளில் கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போன வண்டி. செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது. சாலைக்கான வண்டியே இல்லை. காட்டிலும் மேட்டிலும் மணலிலும் பாய்ந்து போவதற்கென்று செய்த பந்தய மோட்டார் சைக்கிள். உயரமான மட்கார்டு, முரட்டுப் பல் வைத்த டயர், ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர். அந்த இன்ஜினீயர் கோடையில் வற்றிக் கிடந்த ஏரிக்குள் அதை ஓட்டிப்போனதை உன் அப்பா பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது கரைமேல் நின்று பார்த்திருக்கிறார். மில்காரர் 'எடுத்துட்டுப் போப்பா, எடத்த அடைக்குது' என்று சொன்ன அன்று, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நீ பிறந்த அன்றுதான் நான் பார்த்திருந்தேன்.

ஆனால் வண்டி என்று சொல்ல அதில் பாதிதான் இருந்தது. மில்லில் யாரோ இஞ்சினை வைத்துத் தண்ணீர் இறைக்கப் பார்த்து, கார்புரேட்டரைத் தொலைத்திருந்தார்கள். கியர் பெட்டியைத் திறந்தால் இரண்டாவது கியரில் மூன்று பல் இல்லை. உன் அப்பா ஆபீஸ் முடிந்து வந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவார். கழற்றுவது அவருக்குப் பிடிக்கும். திரும்ப எப்படிப் பூட்டுவது என்று வரும்போது ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். கல்பாக்கத்தில் நான் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்தேன். அந்த வேலைக்குப் பெண்பால் பெயர் அப்போது கிடையாது. நாள் முழுக்க குழாய்க்கும் வால்வுக்கும் வரைபடம் போட்டுவிட்டு ஸ்டாஃப் பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து இறங்கினால், சாப்பாட்டு மேசைமேல் டிரேசிங் பேப்பரை விரித்து இந்த வண்டியை வரைவேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கே பிடித்திருந்தது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆபீஸில் நான் வரைந்த எதையும் நான் கையால் தொட்டுப் பார்த்ததில்லை. இதைத் தொடலாம், சுற்றலாம், காதை வைத்துக் கேட்கலாம்.

சென்னையில் புதுப்பேட்டைக்கு நாம் மூன்று பேரும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிருப்போம்! பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தத் தெருவில் பாஷா பாய் என்று ஒருவர். நம் கியரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "அண்ணாத்த, இது நம்மூரு ஐட்டம் கெடியாது. ஆனா கிட்டத்தட்ட இதே மாரி ஒண்ணு கீது. போட்டு அட்ஜஸ் பண்ணிக்கோ" என்பார். அவர் எடுத்துக் கொடுத்ததை நான் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, "இல்ல பாய், ஒரு பல் கம்மியா இருக்கு, சேராது" என்றேன். அவருக்குச் சிரிப்பு. "இன்னா அண்ணாத்த, வூட்டுக்காரம்மா ஸ்கேல் வெச்சினு வந்துகீறாங்கோ! நீ சும்மா பை தூக்கினு வந்தியா?" உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். "ஆமா பாய், நம்ம வீட்ல இன்ஜினீயர் அவங்கதான்" என்று சொன்னார். அதை அவர் சொன்னது உண்மை. ஒரு காலத்தில் அவர் அப்படிச் சொல்கிறவராக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் நியாயமாக எழுதியவளாக மாட்டேன்.

கிடைக்காத கியரைச் செய்துதான் ஆக வேண்டும் என்று ஆனது. அதோடு சேரும் எதிர் கியர் நன்றாக இருந்தது. அதன் பல்லை எண்ணி, இரண்டு தண்டுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, காணாமல் போன பல்லின் உருவத்தைக் கணக்குப் போட்டு எடுத்தேன். இரண்டு மூன்று மாதம் ஆயிற்று. பழைய கியர் ஏன் உடைந்தது என்பதும் வரையும்போதுதான் புரிந்தது. எண்ணெய் போவதற்கான துளையைச் சரியாக ஒரு பல்லுக்கு அடியில் போட்டிருந்தார்கள். பல்லுக்கு அங்கே பலமே இல்லை. அதனால் ஒரு பெரிய துளைக்குப் பதிலாக இரண்டு சின்னத் துளைகள் போட்டு, அவற்றைப் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்துக்கு நகர்த்தினேன். கூடுவாஞ்சேரியில் ஒரு பட்டறையில் வெட்டிக் கொடுத்தார்கள். முதலாவது சரியாக வரவில்லை. இரண்டாவது, தண்டில் ஏற்றியதும் வெண்ணெய் மாதிரி சுழன்றது. நீ மேசைக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். நான் 'பிடிடா' என்றால் பேப்பரின் மூலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்வாய். "அம்மா, இந்தக் கோடு ஏன் விட்டு விட்டு வருது?" என்று கேட்டாய். உள்ளே மறைந்திருப்பதை அப்படித்தான் காட்டுவோம் என்று சொன்னேன். ஆகவே உனக்குத் தெரியாது என்று என்னால் நினைத்துக்கொள்ளக்கூட முடியாது.

கார்புரேட்டருக்கு வழி வேறு மாதிரி வந்தது. அந்த நாட்டில் பழைய வண்டிகளைப் பாதுகாக்கிற ஒருவரின் விலாசம் ஒரு பத்திரிகையில் கிடைத்தது. பெயர் கரெல். அவருக்கு ஆங்கிலத்தில் நான்தான் எழுதினேன். எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போடப் போனபோது உன் அப்பா, "என் பேரே போட்டுடு. பொம்பள பேரப் பாத்தா ஏதோ வெளயாட்டுன்னு நெனச்சுக்குவான். ரெண்டு பேரும் ஒண்ணுதான?" என்றார். போட்டேன். அப்போதுதான் அந்த நாடு இரண்டாகப் பிரிந்திருந்தது. கவரில் எந்த நாட்டுப் பெயரை எழுதுவது என்று தபாலாபீஸில் நானும் கிளார்க்கும் குழம்பி நின்றோம். பதில் வருமென்று நம்பவே இல்லை. வந்தது. பிறகு பல கடிதங்கள். கடைசியில், கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி ஒரு கார்புரேட்டரை அனுப்பிவைத்தார் அந்த மனிதர். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். தன் வண்டியிலும் அதே கியர் உடைகிறது, நீங்கள் திருத்திப் போட்ட வரைபடத்தின் நகல் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். நான் புதிதாக மை போட்டு, சுத்தமாக வரைந்து அனுப்பினேன்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் ஊரே வந்து பார்த்தது. சென்னையிலிருந்து பழைய வண்டிக்காரர்கள் வந்தார்கள். அவர்களிடம் உன் அப்பா முதலில் 'நாங்க பண்ணோம்' என்றார். அடுத்த வருடம் 'நான் பண்ணேன்' என்றார். எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் உறைக்கவில்லை. பேச்சில் ஆண்கள் அப்படித்தான் சொல்வார்கள், வீடு கட்டினேன் என்பார்கள், பிள்ளை வளர்த்தேன் என்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

நீ பிளஸ் ஒன் படித்த வருடம் கரெல் இந்தியாவுக்கு வந்தார். மாமல்லபுரத்தில் தங்கியிருந்தார். வண்டியைப் பார்க்க வேண்டும், மணலில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். டெம்போவில் வண்டியை ஏற்றி, முன் சீட்டில் நீயும் அப்பாவும் போனீர்கள். எனக்கு இடம் இல்லை. "நீ சமைச்சு எடுத்துக்கிட்டு பஸ்ல வந்துடு, அவருக்கு நம்ம வீட்டுச் சாப்பாடு போடணும்" என்றார். எனக்கு வருத்தமில்லை. கரெலை நேரில் பார்க்கப் போகிறேன் என்ற சந்தோஷமே பெரிதாக இருந்தது. அத்தனை வருடம் எழுதிய ஆள்! இருந்ததில் நல்ல காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு, கேரியரோடு திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

கடற்கரைக்குத் தெற்கே சவுக்குத் தோப்பைத் தாண்டி நீங்கள் இருந்தீர்கள். சென்னை நண்பர்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். கரெல் வெயிலில் சிவந்துபோய், ஒரு சின்னப் பையன் மாதிரி மணல் மேட்டில் வண்டியை ஏற்றி இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து நிறுத்தினார். உன் அப்பா என்னை அவருக்கு அறிமுகம் செய்தார். "என் மனைவி. நன்றாகச் சமைப்பாள்." கரெல் கைகூப்பினார். பிறகு உன் அப்பாவிடம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேசினார். "உங்கள் வரைபடத்தைப் பார்த்து நானும் அந்தக் கியரைச் செய்தேன். என் வண்டி அதில்தான் ஓடுகிறது. அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான கோட்டை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?"

உன் அப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் கேரியரைத் திறந்துகொண்டிருந்தேன். அவர் வாயில் என் பெயர் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அவர் சொன்னார்: "ஓ, அதுவா! வரைவதற்கு ஒரு பையனைக் கூலிக்கு வைத்திருந்தேன். என்ன வரைய வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவன் வரைந்தான்."

கரெல் விடவில்லை. "அந்த எண்ணெய்த் துளையைப் பள்ளத்துக்கு நகர்த்தியது யாருடைய யோசனை? எங்கள் ஊரில் முப்பது வருடமாக யாருக்கும் தோன்றவில்லையே. ஏன் இரண்டாகப் பிரித்தீர்கள்?" உன் அப்பா குனிந்து வண்டியைப் பார்த்தார். "அது... ஹீட்டுக்காக" என்று இழுத்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. துளை இருந்த இடத்தில்தான் பல் உடைந்தது, ஒரு பெரிய துளையைவிட இரண்டு சிறியவை பல்லைப் பலவீனமாக்காது, எண்ணெயும் சீராகப் போகும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குழம்புக் கரண்டி என் கையில் இருந்தது. கரெல் என்னையே பார்த்தார். உன் அப்பா பெரிதாகச் சிரித்தார். "பார்த்தீர்களா? வீட்டில் நான் பேசிப் பேசி இவளுக்கே எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது!" சென்னைக்காரர்கள் சிரித்தார்கள். மரியாதைக்குக் கரெலும் சிரித்தார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ வண்டிக்கு அந்தப் பக்கம் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவ்வளவு பேரில் நிஜம் தெரிந்தவன் நீ ஒருவன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அப்பா முகத்தைப் பார்த்தாய். பிறகு நீயும் சிரித்தாய்.

எல்லோருக்கும் பரிமாறினேன். கரெல் வத்தக்குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாத்திரங்களைக் கடல் தண்ணீரில் அலசி அடுக்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். மறுநாள் காலை இட்லி ஊற்றும்போது உன் அப்பாவிடம் கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "எப்படிச் சொன்னேன்?" "கூலிக்கு ஒரு பையன்னு." "அட, அதெல்லாம் ஒரு விஷயமா! அத்தன பேரு முன்னாடி பொண்டாட்டி வரைஞ்சா, புருஷன் துடைச்சான்னா சொல்றது? அவன் இன்னிக்கு இருப்பான், நாளைக்கு ஊருக்குப் போயிடுவான். நீ வேற நான் வேறயா?" நான் சொன்னேன்: "வேற இல்லன்னா, உங்க பேருக்குப் பதிலா என் பேரச் சொல்லியிருக்கலாமே." அதற்குப் பிறகு அவர் பேப்பரைத் தாழ்த்தினார். சட்னி காரம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மூன்று வருடம் கழித்து, வண்டியைக் கிளப்ப உதைக்கும்போது கிக்கர் தண்டு முறிந்தது. உன் அப்பா பென்சிலும் பேப்பருமாக மேசைக்கு வந்து, "இத கொஞ்சம் வரைஞ்சு குடேன்" என்றார். "அந்தக் கூலிப் பையனக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நான் சப்பாத்திக்கு மாவு பிசையப் போய்விட்டேன். அன்றோடு வண்டிமேல் தார்ப்பாய் விழுந்தது. நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். பார்ட் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொல்லியிருப்பார். அந்த பார்ட் கிடைக்காமல் போகவில்லை. நான் வரையவில்லை, அவ்வளவுதான். நான் வரைந்த கியர் மட்டும் உள்ளே இன்றும் ஒரு பல் உடையாமல் இருக்கிறது.

உன் அப்பாவைப் பற்றி உன்னிடம் புகார் சொல்வதற்கு இதை எழுதவில்லை. சொல்லிச் சொல்லி அவர் இப்போது தானே நம்பிவிட்டார். போன தீபாவளிக்கு வந்த என் தம்பியின் மருமகனிடம், இரவெல்லாம் கண்விழித்துக் கியர் வரைந்த கதையைச் சொன்னார். கேட்டால் எனக்கே உண்மை என்று தோன்றும், அவ்வளவு விவரம். அவரோடு அதற்குப் பிறகும் குடும்பம் நடத்தினேன். அவர் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தேன். அவருக்குப் பிடிக்கும் என்று இன்றும் கத்திரிக்காயை எண்ணெயில் வதக்குகிறேன். ஒரு மனிதரோடு வாழ்வதற்கு அவரை முழுக்க நம்ப வேண்டிய அவசியமில்லை என்று கற்றுக்கொண்டேன். ஆனால் இது நல்ல பாடமில்லை. இதை உன் பெண்டாட்டி கற்றுக்கொள்ளும்படி வைக்காதே. ஒரு தாயாக உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் புத்திமதி இது ஒன்றுதான்.

என்னால் செரிக்க முடியாமல் போனது போன மாதம் நடந்தது. கல்யாண விஷயம் பேசக் கீர்த்தனாவும் அவள் வீட்டாரும் வந்திருந்தார்கள். நீ ஆசையாகத் தார்ப்பாயைத் தூக்கி அவளுக்கு வண்டியைக் காட்டினாய். "அப்பா ஒத்த ஆளா பண்ணது. இந்த கியர் உலகத்துலயே கெடைக்காது, அப்பாவே டிசைன் பண்ணாரு" என்றாய். நான் காபித் தட்டோடு வாசற்படியில் நின்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "இல்லம்மா?" என்று சாட்சிக்கும் கூப்பிட்டாய். "காபி ஆறிடும்" என்றேன். அன்று கடற்கரையில் நீ சிரித்தபோது உனக்குப் பதினாறு வயது. அப்பாவைக் காட்டிக்கொடுக்கப் பயந்தாய் என்று எனக்கு நானே சொல்லி ஆற்றிக்கொண்டேன். இப்போது உனக்கு இருபத்தாறு. உன்னை யாரும் கேட்கவில்லை, யாருக்கும் நீ பயப்படவும் வேண்டாம். நீயாகச் சொன்னாய். உன் அப்பா என்னிடமிருந்து அதை ஒரு முறை எடுத்துக்கொண்டார். நீ அதை உன் புது வாழ்க்கைக்குச் சீர்வரிசையாகக் கொடுத்துவிட்டாய்.

டிராயிங்ஸ் என் அலமாரியில்தான் இருக்கின்றன. தரமாட்டேன். கிக்கர் தண்டுக்கும் வரைந்து தரமாட்டேன். ரிசப்ஷனுக்கு நீ காரில் வா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று எல்லோரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது கீர்த்தனா அடுப்படிக்கு வந்தாள். "அத்தை, இல்லாத பல்ல மாமா எப்படி அளந்தாரு?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணும் இன்ஜினீயர்தானே, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பென்சிலால் இரண்டு வட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். பாதியில் அவள் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தாள். "நீங்கதான வரைஞ்சீங்க?" என்றாள். பத்து வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. "ஆமாம்மா" என்றேன். பிறகு கேட்டாள்: "அவருக்குத் தெரியுமா?" நான் பொய் சொல்லியிருக்கலாம். நீ என் பிள்ளை. "தெரியும்" என்றேன்.

இன்று காலை அவளுக்குப் போன் செய்து, உனக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் உன்னைத் தயார் செய்கிறேன் என்று ஆகிவிடக் கூடாது. "எழுதுங்க அத்தை" என்றாள். இத்தனை நாளாக உன்னிடம் ஏன் எதுவும் கேட்கவில்லை என்றேன். "அவராச் சொல்றாரான்னு பாத்துட்டிருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என்னிடம் வந்து நீ எதுவும் சொல்ல வேண்டாம். மன்னிப்புக் கேட்டால் நான் உடனே மன்னித்துவிடுவேன், எனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புடவை எடுக்க நீயும் அவளும் சேர்ந்து காஞ்சிபுரம் போகிறீர்கள். போக வர நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் கேட்கமாட்டாள்.

அம்மா